ஒரே காணியில் இரண்டு அடுப்பு: வீட்டுப் பிளான் போடும்போது கவனிக்க வேண்டியவை



வைகாசி, ஆவணி மாதங்கள் வந்தால் என்னைத் தேடி வருகிறவர்கள் பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்பார்கள். "வெல்பெயார் ஐயா, மகனுக்குப் பொண்ணு பேசி முடிச்சாச்சு. எங்க படுக்க வைக்கிறதுன்னுதான் தெரியல. பக்கத்துல ஒரு பத்தி இறக்கிக்கிறவா?"

இறக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பத்தி இறக்குவது வேறு, ஒரு குடும்பம் தனியாக இருக்கக்கூடிய பகுதி கட்டுவது வேறு. டவுன்களில் இதை அனெக்ஸ் என்பார்கள். சொந்த வாசல், சொந்த அடுப்பு, சொந்தக் கக்கூஸ், அவ்வளவுதான் அதன் இலக்கணம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது பத்திதான்.

நம்முடைய தாத்தாமார் காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. லயத்தில் 10 அடிக்கு 12 அடி காம்பிரா ஒன்று, முன்னால் ஒரு இஸ்தோப்பு. கல்யாணம் ஆனவர்கள் காம்பிராவில், மற்ற எல்லோரும் இஸ்தோப்பில். இஸ்தோப்பை அடைத்து, பிறகு அதற்கு முன்னால் இன்னொரு இஸ்தோப்பு போட்டு, அதையும் அடைத்து, கடைசியில் நடுக் காம்பிராவுக்கு வெளிச்சமே கிடையாது. இப்போது தனி வீடு கிடைத்த குடும்பங்களும் பழக்கதோஷத்தில் அதையே செய்வதைப் பார்க்கிறேன்.

தனி வீட்டுத் திட்டங்களில் பொதுவாக 7 பேர்ச்சஸ் காணி கொடுத்து வந்தார்கள். இந்திய உதவி வீடுகள் 550 சதுர அடி. இரண்டு அறை, ஹோல், குசினி, கக்கூஸ். ஒரு பேர்ச்சஸ் என்பது 272¼ சதுர அடி. ஆக 7 பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,905 சதுர அடி. வீடு 550 போனால் மிச்சம் 1,350க்கு மேல் இருக்கிறது. "அம்புட்டு இடமா ஐயா?" என்று கேட்பார்கள். இடம் இருக்கிறது. வீட்டைக் காணிக்கு நட்டநடுவில் வைத்தால் அது நாலா பக்கமும் சிதறி, எந்தப் பக்கமும் ஒரு அறைக்குக் காணாமல் போய்விடும். ஆகவே முதல் கல் வைக்கும் முன்னாலேயே இரண்டாவது பகுதி எங்கே வரப்போகிறது என்று முடிவு செய்ய வேண்டும். மகனுக்கு இப்போது எட்டு வயதாக இருந்தாலும் சரி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். காணி 38 அடி அகலம், 50 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு 22 அடி அகலம், 25 அடி நீளம். இடது பக்கம் 3 அடி மட்டும் நடைக்கு விட்டு வீட்டை அந்தப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள். வலது பக்கம் 13 அடி மிஞ்சும். அதில் 10 அடி அனெக்ஸ், 3 அடி நடை. பின்னால் 10 அடி விட்டால் முன்னால் 15 அடி இருக்கும், கறிவேப்பிலை, லீக்ஸ், கோவா எல்லாம் போடலாம். எந்தப் பக்கம் எத்தனை அடி விடச் சொல்கிறார்கள் என்று உங்கள் பிரதேச சபையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கட்டின பிறகு கேட்டால் வில்லங்கம்.

இனி அந்த 10 அடிக்கு 25 அடிக்குள் என்ன வைக்கலாம்? இங்கேதான் எல்லோரும் ஒரு கணக்கை மறக்கிறார்கள். சுவருக்கும் கனம் உண்டு. 6 அங்குலப் புளொக் கல்லில் குறுக்கே நாலு சுவர் எழுப்பினால் 2 அடி போய்விடும். மிச்சம் 23 அடி. இஸ்தோப்பு 4 அடி, அறை 10 அடி, குசினி 5 அடி, கடைசியில் 4 அடி. அகலத்தில் வெளிச்சுவர் அரை அடி போக உள்ளே 9½ அடி. அந்தக் கடைசி 4 அடியை இரண்டாகப் பிரித்து, 5 அடியில் கக்கூஸ், நடுவில் அரை அடிச் சுவர், மற்ற 4 அடியில் பாத்திரம் கழுவும் இடமும் பின்கதவும். கக்கூஸ் கதவு அந்தக் கழுவும் இடத்துக்குத் திறக்கும். மழையில் நனையாமல் போய்வரலாம், அதே நேரம் குசினிக்குள் நேராகவும் திறக்காது. இந்தக் கக்கூஸை வீட்டுக் கக்கூஸுக்கு முதுகோடு முதுகாக வைக்க முடிந்தால் பைப் செலவு பாதியாகும், ஒரே குழி போதும். குழி குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே வரவே கூடாது. கிணறோ ஊற்றோ பக்கத்தில் இருந்தால் 50 அடியாவது தள்ளிப் பணிய பக்கமாக வெட்டுங்கள். உங்கள் வீட்டுக் குழி கீழ் வரிசைக்காரர்களின் பீலிக்குத் தலைமாட்டில் இருக்கிறதா என்றும் ஒருதரம் இறங்கிப் பாருங்கள்.

பேப்பரில் பிளான் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நானும் முதலில் அப்படித்தான். குச்சி நட்டு, கயிறு கட்டி, அடுப்புச் சாம்பலால் தரையிலேயே கோடு போடுங்கள். வீட்டில் இருக்கிற கட்டிலைத் தூக்கிவந்து உள்ளே வையுங்கள். கதவு திறக்கிற இடத்தில் ஒரு ஆள் நின்று கையை வீசிக் காட்டட்டும். கட்டிலில் கதவு இடிக்கிறதா, அலுமாரி எங்கே, தொட்டில் எங்கே என்பதெல்லாம் பத்து நிமிசத்தில் தெரிந்துவிடும். பாஸ் வந்து அஸ்திவாரம் வெட்டிய பிறகு தெரிந்தால் பிரயோசனமில்லை.

ஜன்னல் விஷயத்தில் நிறையக் குடும்பங்கள் ஏமாந்திருக்கின்றன. அனெக்ஸ் எந்தச் சுவரோடு ஒட்டப்போகிறதோ, அந்தச் சுவரில் பெரிய வீட்டின் ஜன்னல்களை வைக்கக்கூடாது. வைத்தால் நாளைக்கு அவை எல்லாம் அனெக்ஸுக்குள் திறக்கும். மாமியார் அறை ஜன்னல் மருமகள் குசினிக்குள் திறந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்தப் பக்க அறைகளுக்கு முன்புறமோ பின்புறமோ வெளிச்சம் எடுங்கள்.

கூரையும் அப்படித்தான். வீட்டுத் தாழ்வாரம் 8 அடி உயரம், அதற்குக் கீழே தகரத்தைச் செருகி 10 அடி வெளியே இழுத்தால், அடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு என்று பார்த்தாலும் கடைசியில் 2 அடிக்கு மேல் இறங்கிவிடும். வெளிச்சுவர் 6 அடிகூட இருக்காது. அதில் ஜன்னல் வைப்பதெங்கே, தலை நிமிர்ந்து நிற்பதெங்கே? ஆகவே ஆரம்பத்திலேயே அந்தப் பக்கச் சுவரை 10 அடிக்கு உயர்த்திவிடுங்கள், அல்லது முகட்டை அனெக்ஸ் பக்கமாக நீட்டக்கூடிய மாதிரி கூரையைத் திருப்பிப் போடுங்கள். இரண்டு மூன்று வரிசை கல்லுக்குக் கஞ்சத்தனம் பார்த்தவர்கள் பின்னால் கூரையையே பிரித்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நம்முடைய மலைநாட்டில் இன்னொரு சங்கடம். வீட்டுக்குத் தளம் போடும்போது மேட்டை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்தில் தள்ளி நிரப்பித்தான் மட்டம் எடுக்கிறோம். வீடு வெட்டிய மண்ணில் நிற்கும். பிறகு கட்டுகிற பகுதி அநேகமாக நிரப்பிய மண்ணில்தான் விழும். அது இரண்டு மழைக்கு அமுங்கும். அனெக்ஸ் கீழே இறங்க, வீடு அசையாமல் நிற்க, நடுவில் கை போகிற அளவு வெடிப்பு. அஸ்திவாரத்தை நிரப்பிய மண்ணைத் தாண்டிக் கெட்டி மண்ணைத் தொடும்வரை இறக்க வேண்டும். புதுச் சுவரைப் பழைய சுவரில் கல் கோர்த்துக் கட்டாமல், இரண்டுக்கும் நடுவில் நேரான இடைவெளி விட்டு மேலே தகரத்தால் மூடச் சொல்லுங்கள். ஒன்று அசைந்தாலும் மற்றதை இழுக்காது.

இடம் போதவில்லை என்று பின்பக்க மண்மேட்டின் அடியை மட்டும் குடைந்துவிடாதீர்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். தரையில் புது வெடிப்பு, மரமோ லைட் போஸ்டோ சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, தெளிந்து ஓடிய ஊற்று கலங்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கட்டட வேலையை நிறுத்திவிட்டுக் கிராம சேவகருக்கு அறிவியுங்கள். மேட்டுக்கு மேலே கான் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புவது அனெக்ஸ் கட்டுவதற்கு முந்திய வேலை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை, பிரதேச சபை அனுமதி, உறுதி இல்லாத காணி என்றால் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி, இந்த மூன்றும் கையில் இல்லாமல் சேமலாப நிதிப் பணத்தில் கை வைக்க வேண்டாம்.

காற்றையும் பாருங்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று அடித்து ஊற்றும். பதுளைப் பக்கம் கார்த்திகை மார்கழியில் வடகிழக்கு. மழை அடிக்கிற திசைக்கு வாசலையும் விறகு வைக்கும் இடத்தையும் திருப்பாதீர்கள். புகை பெரிய வீட்டுப் படுக்கை அறைப்பக்கம் போகாதபடி புகைக்கூண்டை உயர்த்துங்கள்.

சரி, கட்டியாச்சு. யார் எங்கே இருப்பது?

நான் போய்வருகிற ஒரு தோட்டத்தில் ஒரு விதவைத் தாய். நாற்பது வருசம் கொழுந்தெடுத்தவர். அவர் பேரில் கிடைத்த வீடு. மகன் கல்யாணத்தோடு தாய்க்கென்று பின்னால் ஒரு பகுதி கட்டினார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அது மூன்று படி இறங்கிப் போகிற இடம், கக்கூஸ் வெளியே. ஒரு மழை இரவில் படியில் வழுக்கி இடுப்பு எலும்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அந்தப் படி இறங்க முடியாமல், தன் சொந்த வீட்டு இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். "பரவாயில்லைங்க ஐயா, நமக்கு இஸ்தோப்பு பழக்கம்தானே" என்று சிரித்தார். எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

ஆகவே வயதானவர்களுக்கு என்றால், வீட்டுத் தரையும் அனெக்ஸ் தரையும் ஒரே மட்டம். படி வேண்டாம், வழியில்லை என்றால் சரிவு போடுங்கள். வாசல் பாதைப் பக்கம் இருக்கட்டும், போகிறவர் வருகிறவரோடு நாலு வார்த்தை பேசலாம். கக்கூஸ் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை மறித்துக் கிடந்தால் உட்பக்கம் திறக்கிற கதவைத் தள்ள முடியாது. சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பி. பைப் துண்டு போதும், கடையில் வாங்க வேண்டியதில்லை.

நடுச்சுவரில் கதவு வைக்கலாமா கூடாதா என்று குடும்பங்களில் பெரிய வாக்குவாதம் நடக்கும். வைத்தால் தலையிடுவார்கள் என்பார் இளையவர், வைக்காவிட்டால் ஒதுக்கிவிட்டீர்கள் என்பார் மூத்தவர். என் அபிப்பிராயம், ஒரு கதவு இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். ராத்திரியில் யாருக்காவது மூச்சுத் திணறினால் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இப்போது முடிவு செய்ய முடியாவிட்டால் 3 அடிக்கு லிண்டலை மட்டும் போட்டுக் கல்லால் அடைத்துவிடுங்கள். பிறகு தேவைப்பட்டால் கல்லை எடுத்துக்கொள்ளலாம்.

கரண்டுக்குத் தனி மீற்றர் எடுக்க முடியாதவர்கள், யார் எவ்வளவு கட்டுவது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த அண்ணன் தம்பி வழக்குகளில் காணியை விடக் கரண்ட் பில் வழக்குத்தான் கூட. அதேபோல காணி உறுதி யார் பேரில், அனெக்ஸ் செலவு யாருடையது, பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை எந்தப் பகுதி அவர்களுக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்து, கிராம சேவகர் முன்னால் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உறுதியில் மாற்றம் செய்வதென்றால் அந்தத் தாள் போதாது, நொத்தாரிசிடம் போக வேண்டும்.

அந்தத் தாய் இப்போது முன் அறையில் இருக்கிறார். மகனும் மருமகளும் பின்பகுதிக்குப் போய்விட்டார்கள். கக்கூஸுக்கு ஒரு கூரை போடுவதற்குத் தகரம் இரண்டு குறைகிறது என்று போன வாரம் சொன்னார்கள்.