வேகாத உருளைக்கிழங்கு!

குட்டீஸ்... ஒரு ராத்திரி முழுக்க அடுப்பில் இருந்தும் வேகாத உருளைக்கிழங்கைப் பற்றித் தெரியுமா?

1835ம் ஆண்டு, மார்ச் மாதம். இயற்கை ஆராய்ச்சியாளர் சார்லஸ் டார்வின், தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையைக் கடந்து கொண்டிருந்தார். சுமார் 11 ஆயிரம் அடி உயரத்தில் இரவு தங்கினர். பானையில் தண்ணீர் கொதித்தது, கிழங்கு வேகவில்லை. இரவு முழுவதும் பானை நெருப்பிலேயே இருந்தது. காலையில் மறுபடியும் கொதிக்க வைத்தனர். ஊஹும்... வேகவே இல்லை! உடன் வந்தவர்கள், புதிதாக வாங்கிய பானை மேல் பழியைப் போட்டனர். பாவம் பானை!

உண்மைக் காரணம், காற்று. நம்மைச் சுற்றியுள்ள காற்று, தண்ணீரை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்துக்கு ஈடு கொடுத்தால்தான் தண்ணீருக்குள் ஆவிக் குமிழிகள் உருவாகும். அதுதான் கொதிப்பது. கடல் மட்டத்தில் இதற்கு 100 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். 11 ஆயிரம் அடியில், சுமார் 89 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். எவரெஸ்ட் உச்சியில் சுமார் 70 டிகிரி போதும்! எவ்வளவு விறகு போட்டாலும், அதற்கு மேல் சூடு ஏறாது. ஆவிதான் அதிகம் போகும்.

பிரஷர் குக்கரில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஆவி உள்ளேயே அடைபடுவதால் அழுத்தம் கூடுகிறது. தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை சூடாகிறது. கிழங்கு சீக்கிரம் வெந்துவிடுகிறது.

ஆக, தண்ணீரின் நிலையை முடிவு செய்வது வெப்பம் மட்டுமல்ல, அழுத்தமும்தான். இதைக் காட்ட விஞ்ஞானிகள் வரைவதுதான், 'நிலைமை வரைபடம்.' படுக்கைக் கோட்டில் வெப்பநிலை, செங்குத்துக் கோட்டில் அழுத்தம். நடுவே, பனிக்கட்டி, தண்ணீர், நீராவி என மூன்று 'நாடுகள்'. அவற்றைப் பிரிக்கும் கோடுகள்தான் எல்லைகள். எல்லையைத் தாண்டினால் பொருளின் நிலை மாறிவிடும். உருகுவது, உறைவது, கொதிப்பது எல்லாம் இப்படித்தான்.

மூன்று எல்லைகளும் சந்திக்கும் இடத்துக்கு, 'மும்மைப் புள்ளி' என்று பெயர். தண்ணீருக்கு அது, 0.01 டிகிரி செல்சியஸ். அழுத்தமோ, கடல் மட்டக் காற்றழுத்தத்தில் சுமார் 165ல் ஒரு பங்கு. அங்கே பனிக்கட்டி, தண்ணீர், நீராவி மூன்றும் ஒன்றாகவே இருக்கும்! அழுத்தம் அதற்கும் கீழே போனால், பனிக்கட்டி உருகாமல் நேராக ஆவியாகிவிடும். இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். சில வகை இன்ஸ்டன்ட் காபித்தூள், இந்த முறையில்தான் உலர்த்தப்படுகிறது.

அடுத்த முறை வீட்டில் குக்கர் விசில் அடித்தால், ஆண்டீஸ் மலையில் திட்டு வாங்கிய அந்தப் பானையை நினைத்துக் கொள்ளுங்கள்!