பத்திரிகைப் படத்தில் பிறக்கும் ஓவியங்கள்

காலையில் படித்த பத்திரிகை மாலையில் பொட்டலம் கட்டப் போய்விடுகிறது. அதில் வந்த முகங்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் வாழும் மார்லீன் டுமாஸ் என்ற பெண் ஓவியர் அவற்றைக் கத்தரித்துச் சேர்த்து வைக்கிறார். ஆளை எதிரே உட்கார வைத்து அவர் வரைவதில்லை. புகைப்படத்தைப் பார்த்தே வரைகிறார்.

பதிவேட்டில் நிறம்

டுமாஸ் 1953-ல் தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒரு வெள்ளையர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை திராட்சை விவசாயி. 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஒவ்வொருவரின் இனமும் சர்க்கார் பதிவேட்டில் ஏறியது. தமிழர் உள்ளிட்ட இந்தியர்களும் அதற்குத் தப்பவில்லை. 1976 வரை அந்நாட்டில் டெலிவிஷன் கிடையாது. பத்திரிகைப் படங்களிலும் சினிமாவிலுமே டுமாஸ் உலகத்தைப் பார்த்தார். அதே 1976-ல் உதவிச் சம்பளம் பெற்று ஹாலந்து சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். ஓவியத்தோடு மனோதத்துவமும் பயின்றார்.

ஒழுகும் வண்ணம்

ஸ்பெயினின் கோயா, நார்வேயின் மூங்க் ஆகியோரின் சாயல் இவரிடம் உண்டு. வண்ணத்தை நீர்க்கக் கரைத்து ஓட விடுவார். கண்ணும் வாயும் மட்டும் அழுத்தமாக நிற்கும். தோல் நீலமாகவோ சாம்பலாகவோ இருக்கும். படத்தில் இருப்பவர் என்ன இனம் என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. 1991-92-ல் கறுப்பின மக்களின் முகங்களை மையால் 111 தாள்களில் தனித்தனியே தீட்டினார். கூட்டமாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒவ்வொருவரும் ஒரு மனிதர் என்று அவை காட்டின.

2018-ல் ஆஸ்லோவிலுள்ள மூங்க் அருங்காட்சியகம் டுமாஸின் படங்களையும் மூங்க்கின் படங்களையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்தது. 2025-ல் இவரது ஓவியம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 36 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. உயிருடன் இருக்கும் பெண் ஓவியர் எவருக்கும் அதுவரை அவ்வளவு விலை கிடைத்ததில்லை.

கொலையாளியின் முகம்

2004-ல் ஆம்ஸ்டர்டாம் தெருவில் தியோ வான் கோக் என்ற திரைப்பட இயக்குநர் கொல்லப்பட்டார். கொலையாளியான இளைஞனின் படம் பத்திரிகைகளில் வந்தது. டுமாஸ் அந்த முகத்தை 2005-ல் தீட்டினார். விவரம் தெரியாமல் பார்ப்பவர்களுக்கு அது தாடி வைத்த ஒரு சாதாரண வாலிபன்தான். படத்துக்கு அவர் 'கொலைகாரன்' என்று பெயர் வைக்கவில்லை. வைத்த பெயர்: 'அண்டை வீட்டுக்காரன்'.