இருமலுக்குப் பதில் ஒரு குழாய்

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியான தம்புள்ளையும் கலேவெலவும் உலர் வலயம். கட்டுவிரியன் பாம்பு வாழும் நிலம். இரவில் தரையில் படுத்துறங்குபவர்களையே இது பெரும்பாலும் தீண்டுகிறது. இதன் நஞ்சு நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் தடுத்துவிடும். முதலில் இமை சரியும், பிறகு விழுங்க முடியாது, நஞ்சு கடுமையாக ஏறினால் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். அப்போது வாய்வழியே மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி வென்டிலேட்டருடன் இணைப்பார்கள். விரலைக்கூட அசைக்க முடியாத அந்த நோயாளிக்குப் பல வேளைகளில் நினைவு தெளிவாகவே இருக்கும்.

அவரால் இரும முடியாது. இருமுவதற்குக் குரல்நாண்கள் மூடி, நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, சட்டென்று திறக்க வேண்டும். தசைக்கு வலுவிருந்தாலும் நடுவில் குழாய் இருக்கும்வரை குரல்நாண்கள் மூடா. எனவே சளி தேங்கும். பூச்சிகொல்லி மருந்துகளில் ஒருவகையான ஒகனோபொஸ்பேற்று உடலில் ஏறியவருக்கோ நுரையீரலே நீரைச் சுரந்துகொண்டிருக்கும். சுரப்பை அடக்குவது அற்றோபீன் ஊசி. சேர்ந்துவிட்டதை வெளியேற்றுவது தாதியின் கையிலுள்ள மெல்லிய உறிஞ்சு குழாய்.

ஆனால் அந்தக் குழாய் சளியை மட்டும் உறிஞ்சுவதில்லை, காற்றையும் ஒட்சிசனையும் சேர்த்தே இழுக்கிறது. சாறு தீர்ந்த பைக்கற்றை மேலும் உறிஞ்சினால் ஒட்டிப்போவதுபோல, நுரையீரலின் சில பகுதிகள் சுருங்கிவிடலாம். குழாய் ஆழமாகப் போய் முட்டினால் சவ்வு கிழிந்து இரத்தம் கசியும். வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு திடீரெனக் குறையவும் கூடும்.

ஆகவே பாதுகாப்பான உறிஞ்சலுக்குக் கணக்கு உண்டு. உறிஞ்சு குழாயின் வெளிவிட்டம், மூச்சுக்குழாய்க்குள் செலுத்திய குழாயின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது: 8 மில்லிமீற்றர் குழாய்க்கு 4 மில்லிமீற்றர், அதாவது 12ஆம் இலக்கம். தொடங்குமுன் 30 முதல் 60 செக்கன் வரை முழு ஒட்சிசன். பெரியவர்களுக்கு உறிஞ்சும் அழுத்தம் பொதுவாக 150 மில்லிமீற்றர் இரசத்துக்குள். எவ்வளவு தூரம் நுழைப்பது என்பதை முன்கூட்டியே அளந்து வைக்க வேண்டும். உள்ளே போகும்போது உறிஞ்சக் கூடாது; வெளியே எடுக்கும்போது மட்டுமே. குழாய் உள்ளே போய் வெளியே வருவது 15 செக்கனுக்குள் முடிய வேண்டும். சளியை இளக்குவதற்கென்று ஒவ்வொரு முறையும் உப்புநீர் விடும் பழைய வழக்கத்தை இன்றைய வழிகாட்டிகள் ஏற்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம், எப்போது உறிஞ்சாமல் இருப்பது என்பது. இரண்டு மணிக்கொரு தடவை என்று கடிகாரம் பார்த்துச் செய்யும் வேலை அல்ல இது. நெஞ்சில் கரகரப்பு, வென்டிலேட்டர் திரையின் காற்றோட்டக் கோட்டில் ரம்பப் பல் போன்ற நெளிவு, உயரும் அழுத்தம், குறையும் ஒட்சிசன் அளவு, கண்ணுக்குத் தெரியும் சளி: இவைதான் அழைப்பு.

இதைப் படித்து மட்டும் பழக முடியாது. முதலில் பொம்மை உடலில், பிறகு அனுபவமுள்ள தாதி பக்கத்தில் நிற்க நோயாளியிடம், ஒவ்வொரு படியையும் சரிபார்ப்புப் பட்டியலில் குறித்தபடி பழக வேண்டும். இலங்கையின் அதிதீவிர சிகிச்சைத் தாதியருக்கென நடத்தப்பட்ட குறுகிய செய்முறைப் பயிற்சி ஒன்றின் விளைவுகள் 2015இல் மருத்துவ ஆய்விதழில் வெளியாயின. வெளிநாட்டுத் தாதியர் துணைநிற்க, கற்பித்தவர்கள் உள்ளூர்த் தாதியரே.

மாத்தளை போன்ற மாவட்டத்தில் இப்பயிற்சியில் சேர்க்கத்தக்க இன்னொன்று மொழி. ரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து வந்தவருக்குத் தமிழும் கலேவெலக்காரருக்குச் சிங்களமும் காதில் விழ வேண்டும். “சளி எடுக்கப் போறோம், கொஞ்ச நேரம் மூச்சு முட்டும், உடனே சரியாகிடும்” என்று முன்கூட்டிச் சொல்லச் சில வார்த்தைகள் தெரிந்தால் போதும். வெளியே காத்திருக்கும் உறவினரும் ஒன்றை அறிந்திருப்பது நல்லது: தாதி அடிக்கடி சளி எடுக்கவில்லை என்றால் அது கவனக்குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் அவர் தேவை வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.