பாட்டி மருத்துவச்சி, பேத்தி பட்டதாரி ஆகலாமா?

போன வாரம் செலாயாங் மருத்துவமனை வாசலில் ஒரு பாட்டியைச் சந்தித்தோம். உள்ளே மூத்த பேத்திக்குப் பேறுகாலம். வெளியே படிவம் ஐந்தில் படிக்கும் இளைய பேத்தியோடு காத்திருந்தார்.

ரவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர் அவர். லயத்துக்கு மருத்துவச்சியும் அவரே. "எத்தனை புள்ளைன்னு கணக்கு வெக்கல சாமி. ராத்திரி கதவத் தட்டுனா அரிக்கேன் விளக்க எடுத்துக்கிட்டு ஓடுறதுதான்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, நாம் கேட்காமலே சொன்னார்: "ரெண்டு தாய காப்பாத்த முடியல. ரத்தம் நிக்கல. லாரி வர்றதுக்குள்ள போயிட்டாங்க."

அது அவர் குற்றமல்ல. கையில் ஊசியில்லை, பக்கத்தில் டாக்டரில்லை. 1950களில் தொடங்கிய கிராம சுகாதாரத் திட்டத்தில் 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி என்று கணக்குப் போட்டு, கிளினிக்கும் குடியிருப்பும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். தோட்டமோ தனியார் நிலம். நம் ஆட்களின் வைத்தியம் முதலாளி பாடு என்று விட்டுவிட்டார்கள். நமக்கு டிரெஸர் ஐயாவும் இந்தப் பாட்டிமார்களும்தான்.

1957இல் இந்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் அது 30க்கும் கீழே வந்துவிட்டது. ரோடு வந்தது, ரத்த வங்கி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிற்சி பெற்ற கைகள் வந்தன. பிள்ளை பிறந்ததும் கருப்பை சுருங்க ஆக்சிடோசின் ஊசி போடுவது, கர்ப்பிணியின் அட்டையில் வர்ண அடையாளம் வைப்பது எல்லாம் அவர்கள் வேலை. (நம் வீட்டுப் பெண்ணின் அட்டையில் சிவப்பு இருந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரி என்று அர்த்தம்.)

அந்தச் சின்னப் பேத்திக்கும் பாட்டியின் தொழில்தான் ஆசை. "ஆனா படிச்சுட்டுச் செய்யணும் அங்கிள். டிகிரி இருக்குதா?" என்று கேட்டாள்.

இங்கிலாந்தில் தாதியாகாமலே நேராக மூன்றாண்டு மருத்துவச்சிப் பட்டம் படிக்கலாம். 40 பிரசவங்களைத் தன் கையால் பார்க்க வேண்டுமென்பது அங்கே விதி. நம் நாட்டில் வழக்கமான பாதை வேறு. முதலில் தாதி, பிறகுதான் மருத்துவச்சி. எஸ்.பி.எம். முடித்து மூன்றாண்டு தாதியர் டிப்ளோமா படிக்கலாம். இல்லையேல் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நான்காண்டு தாதியர் பட்டம் படிக்கலாம். தாதியாகப் பதிந்து வேலை பார்த்த பிறகே மருத்துவச்சிப் பயிற்சி. நீண்ட வழிதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு வேலை இருக்கிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாட்டி ஒரு பளபளப்பான தாளை நீட்டினார். ஏதோ ஒரு தனியார் கல்லூரி ஏஜெண்ட் ஃபிளாட்டுக்கே வந்து கொடுத்ததாம். "கடன் அவங்களே எடுத்துக் குடுப்பாங்களாம், கையெழுத்து மட்டும் போட்டா போதுமாம்" என்றார்.

நமக்குப் பகீரென்றது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் கல்லூரிகளில் தாதியர் படிப்பு முடித்த எத்தனையோ பிள்ளைகள் வேலையில்லாமல் வீட்டிலிருந்தார்கள். பி.டி.பி.டி.என். கடன் மட்டும் அவர்கள் பேரில் நின்றது. தனியார் கல்லூரி எல்லாமே மோசமென்று நாம் சொல்லவில்லை. அந்தப் படிப்பைத் தாதியர் வாரியம் அங்கீகரித்திருக்கிறதா, வாரியத் தேர்வில் போன வருசம் எத்தனை பேர் தேறினார்கள், எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி, கடன் எவ்வளவு என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜெண்ட் மழுப்பினால் பேனாவை மூடிவிடுங்கள். அதற்கு முன்னால் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்கும், யூ.பி.யு. வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும் மனுப் போட்டுப் பாருங்கள்.

மலாய், கணிதம், அறிவியல் இந்த மூன்றும்தான் வாசல். பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். போன பரீட்சையில் கணக்கில் 38 மார்க்காம்.

பாட்டி அந்தத் தாளை நாலாக மடித்துச் சுருக்குப் பைக்குள் செருகினார். "இங்க செலாயாங்கில கணக்கு டியூசன் நல்லா சொல்லிக் குடுக்குறவங்க யாரு இருக்காங்க சாமி?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னோம். அதற்குள் மிசி வந்து பெயரைக் கூப்பிட்டார். பெண் குழந்தை.