ஏரி வேலையும் சோம்பேறிப் பட்டமும்

"நாற்று நடுவதற்கு ஆள் அகப்படவில்லை, சர்க்கார் ஜனங்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது." திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து நிலச்சுவான்தார்கள் வெகுகாலமாகப் பாடிவரும் பல்லவி இது. மல்லாட்டை பிடுங்கும் காலம் வந்துவிட்டால் சுருதி இன்னும் ஏறும்.

அவர்கள் குறை கூறுவது 2005-ஆம் வருஷத்துக் கிராம வேலை உறுதிச் சட்டத்தை. பின்னர் மகாத்மாவின் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. 2006 பிப்ரவரியில் அது முதன்முதலாக அமலுக்கு வந்த 200 ஜில்லாக்களில் விழுப்புரமும் ஒன்று. ஏரி தூர் வாருவதும் வரத்துக் கால்வாய் வெட்டுவதுமே பெரும்பாலும் வேலையாதலால், ஜனங்கள் அதை 'ஏரி வேலை' என்றே வழங்கினார்கள்.

வருஷத்தில் 100 நாள் என்பது ஆளுக்கல்ல, குடும்பத்துக்கு. இதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 2025-26-இல் தமிழ்நாட்டில் நாட்கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுக்கூலி கிடைத்தாலும் மொத்தம் 33,600 ரூபாய். வருஷம் முழுவதற்கும் பங்கிட்டால் தினம் 92 ரூபாய். நாலு பேர் கொண்ட குடும்பம் இதை வைத்துக்கொண்டு காலாட்டிச் சாப்பிட முடியுமா? அதுவும் உரிய காலத்தில் வந்ததா? கூலிக்கென 1,056 கோடி ரூபாயை விடுவிக்கக் கோரி 2025 ஜனவரியில் முதல் மந்திரி ஸ்டாலின் பிரதம மந்திரிக்குக் கடிதம் எழுத நேர்ந்தது.

இந்தச் சோம்பேறிப் பட்டம் புதிதல்ல. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் வரை வரும் பக்கிங்ஹாம் கால்வாயின் சென்னைப் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78-இல், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்பஞ்சத்தில் ஸர் ரிச்சர்டு டெம்பிள் ஏற்படுத்திய கூலி, ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவும். இது உயிர் தரிக்கப் போதாது என்று சென்னைச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பஞ்சத்தில் உதவி பெற உரிமையுண்டென்று ஒப்புக்கொண்டால், எக்காலத்திலும் ஜனங்கள் உரிமை கொண்டாடுவார்கள் என்று 1880-ஆம் வருஷத்துப் பஞ்சக் கமிஷன் அஞ்சியது!

ஏரிக்கரை மரத்தடியில் உட்கார்ந்து பொழுது போக்கியவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. கச்சேரிகளில் அப்படி எவரும் இல்லையோ?

மெய்யாக மாறியது வேறொன்று. தமிழ்நாட்டில் இவ்வேலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஸ்திரீகள் செய்தது. ஊருக்கு அருகிலேயே வேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வயலிலோ பெண்ணுக்கு எப்போதும் குறைந்த கூலிதான். "இந்தக் கூலிக்கு நான் வரமாட்டேன்" என்று ஓர் ஏழை விதவை சொல்லத் துணிந்தது ஏரி வேலை வந்த பிறகே. நிலச்சுவான்தார் சொல்வது பொய்யல்ல. பழைய கூலிக்கு ஆள் அகப்படவில்லை.

2025 டிசம்பரில் பார்லிமெண்டு அச்சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேற்றியது. நாட்கள் 125 ஆயின. ஆனால் விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் அதில் ஏற்பாடு உண்டு. அந்த 60 நாளில் வயலில் பெண்களுக்கு என்ன கூலி கொடுக்கிறார்கள் என்று கவனித்துப் பார்க்க வேண்டும்.