நாற்காலியில் இருப்பது யார்?

அமெரிக்க மருத்துவமனைகளில் டாக்டர்களும் நர்சுகளும் கணினியோடு எப்படிப் பாடுபடுகிறார்கள் என்று ராஸ் கோப்பல், ஷான் ஸ்மித் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வரும் ஒரு மருத்துவமனையில், மருத்துவக் குழுவிலேயே இளையவருக்கு ஒரு தனி வேலை தரப்பட்டிருந்தது. எல்லோருடைய கீபோர்டிலும் ஸ்பேஸ் பாரை அவ்வப்போது தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டாவிட்டால் ஆள் இல்லை என்று கணினி முடிவுகட்டி, லாகினைத் துண்டித்துவிடும். வேறு சில இடங்களில், ஆள் எழுந்துபோனால் கண்டுபிடிக்கும் சென்சாரைப் பொருத்தியிருந்தார்கள். ஊழியர்கள் அதன்மேல் தெர்மாகோல் கப்பைக் கவிழ்த்துவைத்தார்கள். சென்சாரும் எதிரே ஆள் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது.

இவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயாளியைப் பார்க்கத் திரும்பிவிட்டு மறுபடி திரைக்கு வந்தால் கடவுச்சொல் கேட்கிறது. ஒரு நாளில் இது எத்தனை முறை நடக்கும்! அதே நேரம், அந்தத் தானியங்கி வெளியேற்றம் வீம்புக்கு வைக்கப்பட்டதும் இல்லை. திறந்து கிடக்கும் திரையில் யாரோ ஒருவரின் நோய் விவரம் தெரியும். அதைவிட மோசமாக, முந்தைய டாக்டரின் லாகினிலேயே அடுத்தவர் மருந்து எழுதிவிடக்கூடும். நோயாளிகளின் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்தின் கீழ் வந்த பாதுகாப்பு விதிகள், குறிப்பிட்ட நேரம் பயன்பாடு இல்லையென்றால் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படுவதைப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றாகச் சொல்கின்றன. எத்தனை நிமிடம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

வங்கித் தளமோ அரசு விண்ணப்பத் தளமோ, 'செஷன் முடிந்துவிட்டது, மீண்டும் லாகின் செய்யவும்' என்று நம்மை வெளியே தள்ளும்போது நடப்பதும் இதே கணக்குதான். அந்தக் கணக்கு எதை வைத்துப் போடப்படுகிறது என்று தெரிந்துகொள்வது, அதன் மீதான கோபத்தைச் சரியான இடத்தில் காட்ட உதவும்.

இணையதளங்களின் அடிப்படை நெறிமுறையான ஹெச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. பிரவுசர் ஒரு பக்கம் கேட்கும், சர்வர் கொடுக்கும், அத்தோடு உறவு முடிந்தது. அடுத்த பக்கத்தைக் கேட்பவர் அதே ஆள்தானா என்பது சர்வருக்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி இதற்கு வழி கண்டார். சர்வர் ஒரு சிறு தகவலை பிரவுசரிடம் கொடுத்துவைக்கும், பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிக் காட்டும். குக்கி பிறந்தது அப்படித்தான். இன்று நாம் லாகின் செய்தவுடன் சர்வர் யூகிக்கவே முடியாத நீளமான எண் ஒன்றை உருவாக்கி, குக்கியில் வைத்து அனுப்புகிறது. அதற்குப் பிறகு கடவுச்சொல்லுக்கு வேலையில்லை. பேருந்து நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் கொடுக்கும் டோக்கன் மாதிரிதான். டோக்கனைக் கொண்டுவருபவருக்கு வண்டி, முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே கவலை இரண்டு வகைத் திருடர்களைப் பற்றியது. ஒருவர், நாம் எழுந்துபோன நாற்காலியில் வந்து உட்காருபவர். மற்றவர், எங்கோ இருந்துகொண்டு அந்த எண்ணை மட்டும் நகல் எடுப்பவர்.

முதல் திருடருக்கு எதிராகத்தான் சும்மா இருக்கும் நேரத்தை அளக்கும் கடிகாரம் ஓடுகிறது. ஆனால் யார் 'சும்மா' இருக்கிறார் என்று சர்வர் எப்படி அறியும்? அதற்குத் தெரிவதெல்லாம் பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கைகள்தான். ஒரு மாணவி கல்லூரி விண்ணப்பத்தின் நீண்ட பக்கம் ஒன்றை நாற்பது நிமிடம் நிதானமாக, சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்து நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தட்டும் எழுத்துகள் எல்லாம் பிரவுசரிலேயே நிற்கின்றன, 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தும்வரை சர்வருக்கு எதுவும் போவதில்லை. சர்வரைப் பொறுத்தவரை நாற்பது நிமிடமாக அங்கே ஆளே இல்லை. பொத்தானை அழுத்தும்போது டோக்கன் செத்திருக்கும், எழுதியது போய்விடும். இதற்கு நேர்மாறாக, புது அஞ்சல் வந்திருக்கிறதா என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு ஒருவர் ஊருக்கே போய்விடலாம். சர்வருக்கு அவர் ஓயாமல் வேலை செய்பவராகத் தெரிவார். வேலை செய்பவரை வெளியேற்றி, வேலை செய்யாதவரை உள்ளே வைத்திருக்கும் இந்தக் கோளாறு, நேரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் தீராது.

தீர்வு கடினமானதும் இல்லை. கீபோர்டும் மவுஸும் அசைகின்றனவா என்பதை பிரவுசர்தான் பார்க்க முடியும். பார்த்து, ஆள் இருக்கிறார் என்று சர்வருக்குச் சொல்லலாம். பக்கம் தானாகக் கேட்கும் கோரிக்கைகளை, ஆள் கேட்டதாகக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். எழுதிய வரையில் வரைவாகச் சேமித்துக்கொண்டே வரலாம். ஆனால் தீர்ப்பைச் சொல்ல வேண்டியது சர்வர்தான். பிரவுசரில் மட்டும் கடிகாரத்தை ஓடவிட்டு, நேரம் முடிந்ததும் லாகின் பக்கத்தைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும் தளங்கள் உண்டு. திரை மாறிவிடும், டோக்கன் சர்வரில் உயிரோடுதான் இருக்கும். அதன் நகல் யாரிடமாவது இருந்தால் அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

அந்த நகல் எடுப்பது எவ்வளவு எளிது என்பதை 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற மென்பொருளாளர் ஊரறியக் காட்டினார். ஃபயர்ஷீப் என்று பெயரிட்டு, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கான ஒரு நீட்சியை சான் டியாகோ மாநாட்டில் வெளியிட்டார். காபிக் கடையின் திறந்த வைஃபையில் அதை ஓடவிட்டால், பக்கத்து மேசைக்காரர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் குக்கிகள் பட்டியலாக வந்து விழும். பெயர்மேல் க்ளிக் செய்தால் அவராகவே உள்ளே போய்விடலாம். அன்றைக்குப் பல தளங்கள் கடவுச்சொல்லை மட்டும் மறையாக்கி வாங்கிக்கொண்டு, குக்கியைத் திறந்த நிலையில் அனுப்பிக்கொண்டிருந்ததுதான் காரணம். பட்லரின் நோக்கமே தளங்களைத் திருத்துவது. சில மாதங்களில், 2011 ஜனவரியில், ஃபேஸ்புக் முழுத் தளத்தையும் மறையாக்கத்தோடு பயன்படுத்தும் வசதியைத் தந்தது.

இந்த இரண்டாவது திருடரிடம் சும்மா இருக்கும் நேரத்தை அளக்கும் கடிகாரம் தோற்றுப்போகிறது. திருடியவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், கடிகாரம் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குத் திரும்பும். அதனால்தான் இன்னொரு கடிகாரமும் வேண்டியிருக்கிறது: யார் என்ன செய்துகொண்டிருந்தாலும், லாகின் செய்து இத்தனை மணி நேரம் ஆனால் டோக்கன் முடிந்தது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட நெறிமுறையில் இரண்டுமே இருந்தன. நடுத்தரப் பாதுகாப்பு நிலைக்கு, சும்மா இருந்தால் 30 நிமிடம், மொத்தமாக 12 மணி நேரம். 2025இல் வந்த புதிய பதிப்பு இதை 1 மணி நேரம், 24 மணி நேரம் என்று தளர்த்தியது. அதி உயர் பாதுகாப்பு நிலைக்கு 15 நிமிடமும் 12 மணி நேரமும் அப்படியே தொடர்கின்றன. தளர்த்தியது சரி என்றே நினைக்கிறேன். ஓயாமல் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் மனிதர்கள் அதைச் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டிவிடுகிறார்கள்.

டோக்கனைச் சாகடிக்கும் வசதி சர்வரிடம் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2018 செப்டம்பர் சாட்சி. ஃபேஸ்புக்கில் நம் பக்கம் பிறருக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்கும் வசதியில் இருந்த ஓட்டை வழியாக டோக்கன்கள் திருடு போயின. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 3 கோடிப் பேர் என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஓட்டை தெரிந்ததும், சந்தேகத்துக்கு இடமான 9 கோடிப் பேரின் டோக்கன்களை நிறுவனம் ஒரேயடியாகச் செல்லாததாக்கியது. அத்தனை பேரும் மறுபடி லாகின் செய்தார்கள். யாரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் திருடு போனது அது இல்லை. இப்படிச் செய்ய, எந்த டோக்கன் செல்லும் என்ற பட்டியல் சர்வரிடம் இருக்க வேண்டும். சில தளங்கள் பட்டியலே வைப்பதில்லை. பெயரையும் காலாவதி நேரத்தையும் டோக்கனிலேயே எழுதி, டிஜிட்டல் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகின்றன. வேகம் கிடைக்கும், ஆனால் காலாவதிக்கு முன்னால் அதைத் திரும்பப் பெறுவது கடினம். ஆகவே அத்தகைய டோக்கன்களுக்குச் சில நிமிட ஆயுள்தான் தர வேண்டும்.

இன்று குக்கிகள் விலைக்கே கிடைக்கின்றன. 2021இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள், 10 டாலருக்கு வாங்கிய குக்கியைக் கொண்டு அந்த நிறுவனத்தின் ஸ்லாக் உரையாடல் தளத்தில் நுழைந்ததாகப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள். இத்தகைய திருட்டுச் சரக்கை விற்றுவந்த ஜெனிசிஸ் மார்க்கெட்டை 2023 ஏப்ரலில் பல நாட்டுக் காவல் துறைகள் சேர்ந்து முடக்கின. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயரே 'குக்கி மான்ஸ்டர்'. அதற்குச் சில வாரம் முன்புதான், கனடாவின் புகழ்பெற்ற லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் போல வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார். அதிலிருந்த தீநிரல் பிரவுசரின் செஷன் டோக்கன்களை அள்ளிச் சென்றது. கடவுச்சொல்லோ இரண்டடுக்குச் சரிபார்ப்போ குறுக்கே வரவில்லை, இரண்டையும் தாண்டிய பிறகு கிடைப்பதுதானே டோக்கன். சேனலின் பெயரை மாற்றுவது போன்ற பெரிய காரியங்களுக்காவது மறுபடி கடவுச்சொல் கேட்டிருக்க வேண்டும் என்று அதன் நிறுவனர் லைனஸ் செபாஸ்டியன் பிறகு வாதிட்டார். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பார்ப்பதற்கு நீண்ட நேரம் அனுமதித்துவிட்டு, பணம் அனுப்பும்போதும் தொலைபேசி எண்ணை மாற்றும்போதும் மட்டும் கறாராக இருப்பது, எல்லோரையும் ஐந்து நிமிடத்தில் துரத்துவதைவிடப் பயனுள்ளது.

நேர வரம்பு எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதும் இல்லை. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கேட்டுக்கேட்டு நிரப்பும் பார்வையற்றவருக்கும், கை நடுங்கும் முதியவருக்கும், ஆங்கிலப் படிவத்தைப் பிறரிடம் அர்த்தம் கேட்டு நிரப்புபவருக்கும் பதினைந்து நிமிடம் என்பது வேறு அளவு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிமுறை இதை அடிப்படை நிலையிலேயே பேசுகிறது. வரம்பை நீக்கவோ முன்கூட்டி மாற்றவோ வழியில்லாத தளம், நேரம் முடியுமுன் எச்சரித்து, ஒரு விசையைத் தட்டி நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும். இந்த எளிய மரியாதையைக்கூடச் செய்யாத தளம், பாதுகாப்பு என்ற பெயரில் மக்களின் உழைப்பை அழிக்கிறது.

டோக்கனைத் திருடினாலும் பயனில்லாமல் செய்யும் முயற்சியும் நடக்கிறது. கணினிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சிப்பில் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, அது இருக்கும் இயந்திரத்தில் மட்டுமே செஷன் தொடரும்படி செய்யும் முறையை 2024 ஏப்ரலில் கூகுள் அறிவித்தது. குக்கிகளுக்கு ஆயுள் குறைவு, புதுப்பிக்க அந்தச் சாவி வேண்டும், சாவியோ சிப்பைவிட்டு வெளியே வராது. இது பரவினால் குக்கி வியாபாரம் படுக்கும்.

ஆனால் நாற்காலிப் பிரச்சினை அப்படியே இருக்கும். ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகல் எடுக்க, கடைக் கணினியில் வாட்ஸ்அப்பை இணைத்துவிட்டு வருகிறோம். அங்கே டோக்கன் திருடப்படவில்லை, நாமே கொடுத்தது. நம் முதன்மை ஃபோன் 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தப்படாமல் இருந்தால் வாட்ஸ்அப் இணைப்புகளைத் தானாகத் துண்டிக்கும். ஆனால் நாம்தான் தினமும் ஃபோனைப் பயன்படுத்துகிறோமே! ஆகவே அந்தக் கடிகாரத்தை நம்பிக் காத்திருக்க முடியாது. வாட்ஸ்அப் அமைப்புகளில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்தால், எந்தெந்தக் கணினியில் நம் கணக்கு திறந்திருக்கிறது, கடைசியாக எப்போது இயங்கியது என்று தெரியும். தெரியாத பெயரைத் தொட்டால் வெளியேற்றும் பொத்தான் அங்கேயே இருக்கிறது. கூகுள், ஃபேஸ்புக் கணக்குகளிலும் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் இதே போன்ற பட்டியல் உண்டு.