தொட்டுப் பார்க்கவே ஒரு கூடம்

என் அப்பாவுக்கு மியூசியம் என்றால் எழும்பூர்தான். 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தைப் பழைய ஆட்களைப் போல 'செத்த காலேஜ்' என்றுதான் இன்றும் சொல்வார். சின்ன வயதில் யாரோ லாரியில் அழைத்துப்போய்க் காட்டினார்களாம். திமிங்கில எலும்பைத் தொடப் போய், காவலாளியிடம் திட்டு வாங்கியதுதான் அவர் நினைவில் நிற்கிறது. அதனால் சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அறிவியல் மையத்துக்குக் கிளம்பியபோது, "அங்க போயி எட்டி நின்னு பாத்துட்டு வர்றதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் அனுமந்தையிலிருந்து போவதென்றால் புதுச்சேரிதான் கிட்டம். லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் பெயரில் அறிவியல் மையமும் கோளரங்கமும் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்குக் கிண்டியில் பாம்புப் பண்ணையும் பார்க்க வேண்டும். ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பேருந்து.

பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதை நடத்தும் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையம் 1983-இல் அமைந்தது. இதே வளாகத்தில் பிர்லா கோளரங்கம் 1988-இல் திறந்தது. இங்கே 'தொடாதே' என்ற பேச்சுக்கு இடமில்லை. கைப்பிடியைச் சுற்ற வேண்டும், கயிற்றை இழுக்க வேண்டும், பொத்தானை அமுக்க வேண்டும். பார்க்கிறவர் கை வைக்காவிட்டால் அந்தப் பொருள் சும்மா கிடக்கும்.

இந்த ஏற்பாட்டை உலகமெல்லாம் பிரபலமாக்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு செய்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி, அவரும் இயற்பியலாளர். கம்யூனிஸ்ட் என்ற பேரில் 1949-இல் பல்கலைக்கழக வேலை போயிற்று. கொலராடோவில் மாடு வளர்த்தார், பிறகு அங்கேயே உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுத்தார். பாடம் சொல்வதைவிடப் பொருளைக் கையில் கொடுப்பது மேல் என்று அங்கே கண்டவர், 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் 'எக்ஸ்ப்ளோரடோரியம்' தொடங்கினார். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1959-இல், கொல்கத்தாவில் பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் திறந்துவிட்டது. நாம் ஒன்றும் பின்தங்கி இல்லை.

என் மகளுக்கு ஆறு வயது. அவள் பல நாட்டுப் பொம்மைகள் இருக்கும் கூடத்தைவிட்டு நகரவில்லை. அறிவியல் அவளுக்கு அடுத்த வருஷம் வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

மகனையும் தாத்தாவையும் பிடித்து நிறுத்தியது வேறொன்று. இந்த மாதிரிக் கூடங்களில் அநேகமாக எங்கும் இருக்கும் பொருள்தான். இரண்டு தகடுகள், ஒன்று செம்பு, ஒன்று அலுமினியம். நடுவில் முள் உள்ள ஒரு மீட்டர். இரண்டு உள்ளங்கையையும் தகடுகளில் வைத்தால் முள் நகரும். பேட்டரி எதுவும் கிடையாது, நம் உடம்புதான் பேட்டரி. கையில் இருக்கும் வியர்வை உப்புநீர் அல்லவா? அது அலுமினியத்தோடு வினைபுரியும்போது எலக்ட்ரான்கள் கம்பி வழியே செம்புக்கு ஓடுகின்றன.

மகன் கை வைத்ததும் முள் நன்றாகவே நகர்ந்தது. அடுத்து அப்பா வைத்தார். முள் அசைந்தது என்று சொல்ல முடியாது, சிலிர்த்தது, அவ்வளவுதான். "நாப்பது வருஷமா உப்புல கெடக்குற கை, எனக்கு ஏன் வரல?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் உப்பளத்தில் காய்த்துப்போன தோல் தடித்தது, உலர்ந்தது, அதற்குள் மின்சாரம் எளிதில் போகாது. குடிநீர்க் குழாயில் கையை நனைத்துவிட்டு வந்து மறுபடி வைத்தார். முள் துள்ளியது. பேரனைவிட அவர்தான் அதிகம் சிரித்தார்.

அப்போதுதான் மகன் கேட்டான்: "தாத்தா, தண்ணியில உப்பு எவ்வளவு இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" அப்பா உப்பளத்தில் டிகிரி, அதாவது உப்புநீரின் அடர்த்தி, பார்க்கிற கண்ணாடிக் குழாயை அவன் ஊரில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். ஒரு நாளும் கேட்டதில்லை. தகட்டில் கை வைத்த பிறகுதான் கேள்வி வந்தது.

அப்பா அங்கேயே நின்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடல் தண்ணீர் ஏறக்குறைய 3 டிகிரி. பாத்தி பாத்தியாக வெயிலில் காயக் காய டிகிரி ஏறும், குழாய் மேலே மேலே மிதக்கும். வழியில் ஜிப்சம் படியும். 25-இல் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 வந்தால் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். உப்பு ஆலையில் அயோடின் சோதனை பார்க்கிற எனக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதிதான். அந்தக் குழாய்க் கணக்கை வகுத்தவர் 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே என்று நான் சேர்த்துக்கொண்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. அவன் தாத்தாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுற்றிலும் பெற்றோர்கள் பலகையில் எழுதியிருப்பதை உரக்கப் படித்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். குழந்தை கைப்பிடியைத் தொடுமுன்பே விடை வந்துவிடுகிறது. போட்டோவுக்காக இழுத்து நிறுத்துவது தனிக் கொடுமை. கோளரங்க இருட்டில் அப்பா தூங்கிவிட்டார், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். குளுகுளு அறை.

இப்படிப்பட்ட கூடத்தின் உயிர் பராமரிப்பில் இருக்கிறது. ஆயிரம் கை படும் பொருள் உடையாமல் இராது. வேறோர் ஊரில் நான் பார்த்த கூடத்தில் பாதிப் பொருள்களின் மேல் 'பழுது' என்ற காகிதம் ஒட்டியிருந்தது. அதைப் பார்ப்பதற்கு எழும்பூர் திமிங்கிலமே தேவலை. புதுக் கட்டடத்துக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு திருப்புளி பிடிக்கும் ஆளுக்கும் போக வேண்டும்.

கூடம் நம்மைத் தேடி வரவும் முடியும்: கொல்கத்தா அருங்காட்சியகம் 1965-லேயே பொருள்களை வண்டியில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. மரக்காணம் ஒன்றியத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: லாஸ்பேட்டை பக்கம்தான், வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பேருந்துச் செலவுக்கு வழியில்லாத பள்ளி என்றால், இப்படியொரு வண்டியை நம் பக்கம் அனுப்பச் சொல்லிக் கல்வித் துறைக்குக் கடிதம் எழுதுங்கள்.